சொட்டுக் கணக்கிலிருந்து எடைக் கணக்குக்கு: வீட்டு ரோஸ் சீராப்பில் எசன்ஸ் அளந்த பதிவு

100 கிராம் சீராப்புக்கு எட்டுச் சொட்டு ரோஸ் எசன்ஸ். இதுதான் எங்கள் வீட்டுக் குறிப்பு. அதே குறிப்பை வாங்கிக்கொண்டு போய் பக்கத்து வீட்டு அக்கா செய்த சீராப்பில் ரோஜா தூக்கலாக இருந்தது. குடித்து முடித்த பிறகும் தொண்டையில் சோப்பு வாடை நின்றது. சீனி ஒரே கடைச் சீனி, எசன்ஸும் ஈப்போவில் ஒரே பேக்கரிச் சாமான் கடையில் சேர்ந்து வாங்கியது. "அதே எட்டுச் சொட்டுதான் லா தம்பி போட்டேன், எண்ணி எண்ணிப் போட்டேன்" என்றார். அவர் சொன்னது உண்மைதான். எண்ணிக்கையில் பிழை இல்லை. இரண்டு வீட்டிலும் விழுந்த சொட்டு ஒரே அளவு கிடையாது, அவ்வளவுதான்.

நாங்கள் இருப்பது மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில். ரப்பர்த் தோட்டங்களை நம்பி வளர்ந்த ஊர். பால்மரம் நின்ற இடத்தில் இப்போது செம்பனை நிற்கிறது. தோட்டத்து லயத்தை விட்டுத் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) வந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. ரோஸ், பண்டான், இஞ்சி என்று வீட்டிலேயே சீராப் காய்ச்சி பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) புட்டியாக விற்கிறோம். தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலுக்கும் சீராப் எங்கள் வீட்டிலிருந்துதான் போகும். போன தடவை வாங்கினவர் திரும்பி வந்து அதே சுவையைக் கேட்டால், அதே சுவையைக் கொடுத்தாக வேண்டும். எட்டுச் சொட்டு என்ற கணக்கை வைத்துக்கொண்டு அது முடியாது என்று தெரிந்ததும், எசன்ஸை ஒழுங்காக அளக்க என்ன வழி என்று உட்கார்ந்து பார்த்தேன். அந்த வேலையின் பதிவு இது.

சொட்டு எவ்வளவு பெரியது?

0.01 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று ஷாப்பியில் வாங்கினேன். 200 கிராம் வரை தாங்கும், உள்ளங்கை அளவுதான் இருக்கும். அதன்மேல் ஒரு குட்டிக் கிண்ணத்தை வைத்து, என் கண்ணாடி டிராப்பரால் 100 சொட்டுத் தண்ணீர் விட்டேன்: 4.6 கிராம். அதே டிராப்பரால் 100 சொட்டு ரோஸ் எசன்ஸ்: 2.4 கிராம். பாதிதான். அக்காவின் பிளாஸ்டிக் மூக்கு வைத்த புட்டியிலிருந்து அதே எசன்ஸை 100 சொட்டு விட்டால் 3.5 கிராம் வந்தது.

இப்போது எட்டுச் சொட்டைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். என் கையில் 0.19 கிராம், அக்கா கையில் 0.28 கிராம். ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. ரோஜா வாசம் இதமாக இருப்பதற்கும் சோப்பாக மாறுவதற்கும் அந்த இடைவெளி போதும்.

காரணம் பழைய பௌதிகம். ஒரு சொட்டு முனையில் தொங்கும்போது அதைப் பிடித்து நிறுத்துவது திரவத்தின் பரப்பு இழுவிசை. முனை எவ்வளவு அகலமோ, இழுவிசை எவ்வளவு வலுவோ, அந்த அளவுக்குச் சொட்டு கனத்த பிறகுதான் பிய்த்துக்கொண்டு விழும். தாமஸ் டேட் என்பவர் 1864-லேயே இதை விதியாக எழுதிவைத்துவிட்டார். அறை வெப்பத்தில் தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்குச் சுமார் 72 மில்லிநியூட்டன். எத்தில் ஆல்கஹாலுக்குச் சுமார் 22. எங்கள் ரோஸ் எசன்ஸ் புரொபிலீன் கிளைக்காலில் கரைத்தது. அது இரண்டுக்கும் நடுவில் நிற்கும். மருந்துக் கணக்கில் சொல்லும் "20 சொட்டு ஒரு மில்லி" தண்ணீருக்கும், அதற்கென்று செய்த டிராப்பருக்கும் ஓரளவு பொருந்தும். என் டிராப்பரில் எசன்ஸ் ஒரு மில்லிக்கு 43 சொட்டு வருகிறது. ஆல்கஹாலில் கரைத்த வெனிலாவாக இருந்தால் ஐம்பதைத் தாண்டும்.

டிராப்பரைச் சாய்த்துப் பிடித்தாலும் சொட்டின் அளவு மாறும். அவசரமாக அமுக்கினாலும் மாறும். ஒரே டிராப்பர், ஒரே எசன்ஸ், நேர்க்குத்தாகப் பிடித்த நிதானமான கை என்று மூன்றும் சேர்ந்தால் சொட்டுக் கணக்கை ஒரு வீட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம். வீடு தாண்டினால் அது குறிப்பாகாது.

கரண்டியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கால் டீஸ்பூன் என்றால் 1.25 மில்லி, அதற்குக் கீழே கரண்டிக்கு வேலை கிடையாது. மூடியில் ஊற்றி அளப்பது வாசம் பார்க்க மட்டும்தான் உதவும்.

சிரிஞ்சு

பார்மசியில் ஊசி இல்லாத 1 மில்லி சிரிஞ்சு சில காசுகளுக்குக் கிடைக்கிறது. 0.01 மில்லிக்கு ஒரு கோடு. பார்க்கும்போது இதைவிடத் துல்லியமான கருவி வேறு வேண்டுமா என்று தோன்றும். நல்ல கருவிதான். ஆனால் மூன்று இடத்தில் கவனம் வேண்டும்.

முதலில், எங்கே வாசிப்பது. உள்ளே கறுப்பு ரப்பரில் இரண்டு வளையங்கள் சிரிஞ்சுச் சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கும். முனைக்குப் பக்கத்தில் இருக்கும் வளையத்தின் மேல்விளிம்புதான் அளவு. ரப்பர் நடுவில் கூம்பாக நீட்டிக்கொண்டிருந்தால் அந்தக் கூம்பின் நுனியைப் பார்க்கக் கூடாது.

இரண்டாவது, முனையில் தங்கும் துளி. பிடியை முழுக்க அமுக்கினாலும் சிரிஞ்சின் மூக்குக்குள் கொஞ்சம் திரவம் நின்றுவிடும். நான் எடை போட்டுப் பார்த்ததில் என் சிரிஞ்சில் அது 0.07 மில்லி. காற்றுக் குமிழியை வெளியேற்றிவிட்டு 0.20 கோடுவரை எடுத்து, ஒரே தடவை அமுக்கிவிட்டுச் சிரிஞ்சை ஒதுக்கி வைத்தால் சீராப்பில் விழுவது 0.20 மில்லிதான், மூக்கில் நிற்பது கணக்கில் சேராது. ஆனால் எசன்ஸ் வீணாகக் கூடாது என்று அதே சிரிஞ்சால் சீராப்பை உறிஞ்சி உறிஞ்சி அலசி விடுகிறோமே, அப்போது மூக்கில் நின்றதும் உள்ளே போய்விடும். 0.20 போட்டதாக எழுதிவைத்திருப்போம், போனது 0.27. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல். 5 மில்லி எடுக்கும்போது இந்த 0.07 கண்ணுக்கே தெரியாது. 0.2 எடுக்கும்போது அதுதான் சுவையை முடிவு செய்யும். அதனால் எங்கள் வீட்டில் சிரிஞ்சை அலசுவது கிடையாது. அமுக்கு, முனையைப் புட்டியின் உள்சுவரில் ஒரு தரம் தொட்டு எடு, தீர்ந்தது.

மூன்றாவது, ரப்பர். எலுமிச்சை, ஆரஞ்சு, புதினா எண்ணெய்கள் அந்தக் கறுப்பு ரப்பரை ஊத வைக்கும். பிடி இறுகி, தள்ளினால் ஒரேயடியாகக் குதித்துப் பாயும். வெளியே அச்சடித்த கோடுகளையும் எசன்ஸ் பட்ட விரல் துடைத்து அழித்துவிடும். ரப்பரே இல்லாத, உடலும் பிடியும் மட்டுமாக இரண்டு துண்டில் வரும் பிளாஸ்டிக் சிரிஞ்சு எண்ணெய்க்குத் தாங்குகிறது. கோடுகளின்மேல் ஒளிபுகும் டேப் ஒட்டிவிட்டால் அவையும் நிற்கும்.

சிரிஞ்சு சரியா என்று பார்க்க எளிய வழி தண்ணீர். எங்கள் ஊர் வெக்கையில் 1 மில்லி தண்ணீர் 0.996 கிராம் இருக்கும். நம் வேலைக்கு 1 கிராம் என்றே வைத்துக்கொள்ளலாம். 1 மில்லி எடுத்துத் தராசில் விட்டால் 0.98க்கும் 1.02க்கும் இடையில் காட்ட வேண்டும். பல தடவை விட்டும் ஒரே பக்கமாகத் தள்ளிக் காட்டினால் முதலில் தராசைச் சந்தேகப்பட்டு, அதன் பிறகு சிரிஞ்சுக்கு வர வேண்டும்.

தராசு

கடைசியில் நான் நம்பி உட்கார்ந்தது தராசைத்தான். எடைக்குச் சொட்டின் பருமனும் தெரியாது, சிரிஞ்சு மூக்கும் தெரியாது, திரவம் கெட்டியா தண்ணியா என்பதும் தெரியாது. குறிப்பு முழுவதையும் கிராமில் எழுதிவிட்டால் யார் வீட்டிலும் அதே சீராப் வரும்.

ஆனால் மலிவுத் தராசை வாங்கியதும் நம்பிவிடக் கூடாது. கூடவே வரும் 100 கிராம் எடைக்கல் சரியா என்று எதை வைத்துப் பார்ப்பது? நம் நாட்டுச் சில்லறையே போதும். 2012-ல் வந்த மூன்றாம் தொடர் நாணயங்களுக்கு எடை நிர்ணயம் இருக்கிறது: 50 காசு 5.66 கிராம், 20 காசு 4.18, 10 காசு 2.98, 5 காசு 1.72. தேயாத, கழுவித் துடைத்த 20 காசு பத்தை அடுக்கினால் 41.8 கிராம் பக்கம் காட்ட வேண்டும். ஒற்றை நாணயத்தை நம்ப வேண்டாம், பத்தாக வைத்துச் சராசரி பார்ப்பது நல்லது. என் தராசு 41.78 காட்டியது. எனக்குத் திருப்தி.

அடுத்தது காற்று. விசிறி சுழலும் கூடத்தில் கடைசி இலக்கம் நிற்காமல் ஆடிக்கொண்டே இருக்கும். மத்தியான வெயிலில் விசிறியை அணைத்துவிட்டு வேலை செய்யச் சொன்னால் வீட்டில் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஒளிபுகும் பிஸ்கட் டப்பாவின் அடிப்பாகத்தை வெட்டி எடுத்துவிட்டுத் தராசைச் சுற்றிக் கவிழ்த்தேன். மேல் வாய் வழியாகக் கையை விட்டு ஊற்றலாம். இலக்கம் அடங்கிவிட்டது.

இந்தத் தராசுகளுக்கு இன்னொரு குணம் உண்டு. இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, அதனால் இங்கே விரிவாகச் சொல்கிறேன். டேர் பொத்தானை அமுக்கி 0.00 ஆக்கிவிட்டு, மெல்ல மெல்ல ஒவ்வொரு சொட்டாக விட்டால் முதல் சில சொட்டுகளுக்குத் தராசு அசையாது. 0.00, 0.00 என்றே நிற்கும். பழுது ஒன்றுமில்லை. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வரும் சின்ன மாற்றத்தை எல்லாம் வெப்பத்தால் வந்த நகர்வு என்று எண்ணித் தானாகவே பூஜ்யத்தைச் சரிசெய்துகொள்ளும்படி அதை அமைத்திருக்கிறார்கள். கடையில் காய்கறி நிறுக்க அது வசதி. 0.2 கிராம் எசன்ஸ் நிறுக்கிறவருக்கு அது களவு. இரண்டு மூன்று சொட்டை விழுங்கிவிட்டு அப்புறம்தான் எண்ணத் தொடங்கும்.

இதற்கும் 50 காசுதான் வைத்தியம். டேர் அமுக்கிய பிறகு தட்டின் ஓரத்தில் ஒரு 50 காசை வைத்துவிடுங்கள். திரையில் 5.66 நிற்கும். இப்போது தராசு பூஜ்யத்தில் இல்லை. அதனால் எந்தச் சொட்டையும் விழுங்காது. 5.66லிருந்து 5.86க்கு வந்தால் 0.20 கிராம் விழுந்திருக்கிறது.

இதைவிடவும் எனக்குப் பிடித்தது கழித்து நிறுக்கும் முறை. ஒரு லிட்டர் சீராப் புட்டியை 200 கிராம் தராசில் ஏற்ற முடியாது. அதனால் எசன்ஸ் குப்பியை, டிராப்பரோடு சேர்த்து, தராசில் வைத்து டேர் அமுக்க வேண்டும். டிராப்பரால் எடுத்துச் சீராப்பில் விட்டுவிட்டு, டிராப்பரை மறுபடி குப்பிக்குள்ளேயே வைத்தால் திரை கழித்தல் குறியோடு காட்டும்: -3.00. சீராப்பில் போனது சரியாக 3 கிராம். டிராப்பர் சுவரில் ஒட்டியதும், நுனியில் தொங்கியதும் குப்பியோடு சேர்ந்து திரும்பி வந்துவிட்டதால் அவை கணக்கைக் கெடுக்காது. இடையில் வேறு கிண்ணம் கிடையாது, வழித்து ஊற்ற வேண்டியதும் இல்லை.

அப்பா சொன்ன பத்துக்கு ஒன்று

3 கிராம் என்றால் தராசு போதும். ஆனால் புது எசன்ஸ் வாங்கினால் முதலில் 100 கிராம் சீராப்பில் போட்டுத்தானே பார்க்க வேண்டும். அங்கே வேண்டியது 0.2 கிராம். என் தராசு 0.02 முன்னே பின்னே காட்டும். 0.2-ல் 0.02 என்றால் பத்து சதவீதம். பத்து சதவீதத் தடுமாற்றத்தோடு ஒன்றுக்கொன்று ஒப்பிட்டுச் சுவை பார்ப்பதில் பொருளே இல்லை.

இன்னும் விலை கூடிய தராசு வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அப்பாதான் வழி சொன்னார். அவர் தோட்டத்து ஸ்டோரில் வேலை பார்த்தவர். தொட்டிகளில் ரப்பர்ப் பால் உறைய பார்மிக் அமிலம் விடுவது அங்கே தினசரி வேலை. "அமிலத்த அப்படியே அளந்து ஊத்தமாட்டோம். கொஞ்சம் கூடிப்போனா ஷீட்டு கல்லா போயிரும், கொறஞ்சா பாலு பாலாவே நிக்கும். முதல்ல வாளித் தண்ணியில கலந்து நீர்க்க வச்சிக்குவோம். அப்புறம் குவளையில மோந்து ஊத்துனா ஒரு துளி முன்ன பின்ன போனாலும் ஒண்ணும் ஆவாது" என்றார்.

மெட்ரோலாக் பற்றியும் சொன்னார். ரப்பர்ப் பாலில் மிதக்கவிட்டு, அதில் எவ்வளவு காய்ந்த ரப்பர் தேறும் என்று பார்க்கும் மிதவைக் கருவி அது. தோட்டத்தில் வளர்ந்த என் வயதுக்காரர்களுக்குக்கூடக் கிராணி (தோட்டத்துக் கணக்கர்) கையில் அதைப் பார்த்த நினைவு இருக்கும். வெட்டிக் கொண்டுவந்த பாலில் அதை நேராக விடமாட்டார்கள், பால் கெட்டி. ஒரு பங்கு பாலுக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து, மிதவை காட்டும் அளவை மூன்றால் பெருக்குவார்கள். பால்வெட்டுத் தொழிலாளியின் கூலிக் கணக்கு அந்த வாசிப்பைப் பொறுத்தது. கண்டிப்பாக அளக்க வேண்டிய பொருளை முதலில் நீர்க்க வைத்து அளப்பது எங்கள் தோட்டங்களில் அன்றாடப் பழக்கம். இதற்காக நான் எங்கும் போய்ப் படிக்க வேண்டியிருக்கவில்லை.

ஆகவே 10 கிராம் எசன்ஸும் 90 கிராம் கிளிசரினும் சேர்த்து 100 கிராம் கலவை செய்தேன். வீட்டில் இதற்குப் பெயர் "பத்துக்கொன்று". இப்போது 0.2 கிராம் எசன்ஸ் வேண்டுமென்றால் 2 கிராம் பத்துக்கொன்று விட்டால் போதும். அதே தராசு, அதே 0.02 தடுமாற்றம், ஆனால் 2 கிராமில் அது ஒரு சதவீதம்தான். இன்னும் வீரியமான சரக்காக இருந்தால் பத்துக்கொன்றை மறுபடி பத்துக்கொன்றாக்கலாம். அப்போது நூற்றுக்கு ஒன்று.

நீர்க்க வைக்க எதைச் சேர்ப்பது என்பதில் நிதானம் வேண்டும். தண்ணீரில் கலந்தால் நம் வெக்கையில் சில நாளிலேயே பூசணம் பிடிக்கும். பல எசன்ஸ்கள் கலங்கியும் போகும். ஆல்கஹால் எங்கள் வீட்டுக்குச் சரிப்படாது. எங்கள் புட்டியை வாங்குகிறவர்களில் மலாய்க்காரர்கள் நிறையப் பேர். உணவுத் தரக் கிளிசரின் கெடாது, இனிப்பானது, புரொபிலீன் கிளைக்கால் எசன்ஸோடு நன்றாகக் கலக்கும். ஒரே சிரமம், கெட்டியானது. சுமார் 1.26 மடங்கு கனமும் உண்டு. எடையில் அளப்பதால் கனம் நமக்குப் பிரச்சினையே இல்லை. கெட்டிக்காக மட்டும் நன்றாகக் கிளறி, ஒரு ராத்திரி மூடி வைத்து, மறுநாள் மறுபடி கிளறிவிட்டுப் பயன்படுத்த வேண்டும். கிளறாமல் மேலாக எடுத்தால் நீர்க்க வைத்ததே வீண்.

மில்லியில் எழுதிய பழைய குறிப்புகளைக் கிராமுக்கு மாற்ற வேண்டியும் வந்தது. 10 மில்லி சிரிஞ்சில் தண்ணீர் எடுத்து நிறுத்தேன், அதே சிரிஞ்சைக் காயவைத்து அதே கோடுவரை எசன்ஸ் எடுத்து நிறுத்தேன். எசன்ஸ் எடையைத் தண்ணீர் எடையால் வகுத்தால் மாற்று எண் கிடைக்கும். ரோஸுக்கு 1.03. பண்டானுக்கும் அதேபோல் எடுத்துக் குப்பியின்மேல் எழுதி ஒட்டிவிட்டேன்.

சீராப்பும் சுவையும்

சீராப் அளவு எளியது. சீனி 1 கிலோ, தண்ணீர் 500 கிராம். தண்ணீரையும் எடை போடுங்கள். கவனிக்க வேண்டியது ஆவி. கொதிக்கும்போது போகும் தண்ணீரால் சீராப் கெட்டியாகி, குளிர்ப்பெட்டியில் புட்டியின் அடியில் சீனி மணி கட்டும். ஏனென்றால் இரண்டுக்கு ஒன்று என்பதே தண்ணீர் தாங்கும் சீனியின் எல்லைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. சட்டியை முதலில் வெறுமனே நிறுத்து எழுதிக்கொள்கிறேன். காய்ச்சி இறக்கிய பிறகு சட்டியோடு நிறுத்து, 1,500 கிராமுக்குக் குறைந்ததைக் கொதித்த தண்ணீரால் நிரப்புகிறேன். எசன்ஸ் சேர்ப்பது கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகு. கொதிக்கக் கொதிக்க விட்டால் வீடு முழுக்க மணக்கும், புட்டிக்குள் மணக்காது.

எவ்வளவு எசன்ஸ் என்பதை நாக்கிடம்தான் கேட்க வேண்டும். பத்துக்கொன்றை வைத்து 0.15, 0.18, 0.20, 0.25 சதவீதம் என்று நான்கு சின்னப் புட்டிகள் செய்தேன். கிளிசரின் குறைவாகப் போன புட்டிகளில் வெறும் கிளிசரின் சேர்த்து எல்லாவற்றையும் சமமாக்கினேன். இல்லாவிட்டால் இனிப்பு மாறிவிடும். ஒரு நாள் ஆறப்போட்டு, தண்ணீரும் ஆவியாக்கிய பாலும் கலந்து பண்டோங்காக்கி அக்காவுக்கும் எதிர்வீட்டுப் பெரியம்மாவுக்கும் கொடுத்தேன்.

பெயர் சொல்லாமல், மூன்று மூன்று குவளையாக வைத்தேன். இரண்டில் ஒரே சீராப், ஒன்றில் வேறு. எது வேறு என்று சொல்ல வேண்டும். எது நன்றாக இருக்கிறது என்று கேட்டால் மனிதர்கள் மரியாதைக்கு எல்லாம் நன்றாக இருக்கிறது என்பார்கள். எது வேறு என்று கேட்டால் நாக்கு உண்மையைச் சொல்லும். 0.15க்கும் 0.25க்கும் உள்ள வேறுபாட்டை இருவருமே தயங்காமல் பிடித்தார்கள். 0.20க்கும் 0.18க்கும் பிரித்துக் காட்ட அவர்களால் முடியவில்லை. ஆக எங்கள் ரோஸுக்கு 0.20, அதில் பத்து சதவீதம் கீழே நழுவினாலும் குடிக்கிறவருக்குத் தெரியாது. முன்பு இரண்டு டிராப்பருக்கும் இடையே இருந்த ஐம்பது சதவீதம் யாருக்கும் தெரியும். பெரியம்மா 0.25 குவளையைக் கீழே வைத்துவிட்டு "இது குளிக்கிற சவர்க்காரம்" என்றார். அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

பந்தலுக்கு

எடைக் கணக்கின் அருமை பெரிய அளவுக்குப் போகும்போது தெரியும். தண்ணீர்ப் பந்தலுக்கு 20 கிலோ சீனி, 10 கிலோ தண்ணீர். 30 கிலோ சீராப்புக்கு 0.20 சதவீதம் என்றால் 60 கிராம் எசன்ஸ். சொட்டில் கணக்குப் போட்டால் என் டிராப்பருக்கு 2,500 சொட்டு. யார் எண்ணுவது? 60 கிராமைக் கழித்து நிறுக்க ஒரு நிமிடம். இங்கே பத்துக்கொன்று தேவையில்லை, எசன்ஸே நேராகப் போகலாம். அளவு பெரிதானால் தராசின் தடுமாற்றம் தானாகவே மறைந்துவிடும். ஒரு குவளைக்கு 30 மில்லி என்று வைத்தால் இது ஏறக்குறைய 750 குவளைக்கு வரும்.

ஒரே சட்டியில் 30 கிலோ காய்ச்ச வசதி இல்லாததால் அக்கா வீட்டிலும் எங்கள் வீட்டிலுமாகப் பிரித்துக் காய்ச்சினோம். சட்டிக்கு 4 கிலோ சீனி, 2 கிலோ தண்ணீர், 12 கிராம் எசன்ஸ். எசன்ஸை மட்டும் முன்கூட்டியே குப்பி குப்பியாக நிறுத்து மூடி, சட்டிக்கு ஒன்று என்று கொடுத்துவிட்டேன். குப்பியில் ஒட்டியது வீணாகாமல் இருக்க அதே சட்டிச் சீராப்பால் அலசி ஊற்றச் சொன்னேன். குப்பிக்குள் இருந்தது முழுவதும் கணக்கில் சேர்ந்ததாகையால் இங்கே அலசத்தான் வேண்டும். இரண்டு வீட்டுச் சீராப்பையும் பந்தலில் ஒரே அண்டாவில் கொட்டும் முன்னால் தனித்தனியே குடித்துப் பார்த்தோம். அக்காவே எது யாருடையது என்று சொல்ல முடியவில்லை.

எண்ணெய் இன்னும் பாக்கி

மேலே சொன்னதெல்லாம் தண்ணீரில் கலக்கும் எசன்ஸுக்கு. ஏலக்காய் எண்ணெய் வேறு வகை. எவ்வளவு துல்லியமாக நிறுத்து விட்டாலும் அது சீராப்பின் மேல் வளையமாக மிதக்கும்; புட்டியில் முதல் குவளை ஊற்றிக் குடிப்பவருக்கு மொத்த ஏலக்காயும், கடைசியாக ஊற்றுபவருக்கு வெறும் சீனித் தண்ணீரும். பேக்கரிக் கடையில் விற்கும் எமல்கோ மாதிரிப் பால்மமாக்கினால் எண்ணெய் பிரியாமல் நிற்கும். அதையும் குலுக்கிய பிறகுதான் நிறுக்க வேண்டும். கருவேலம் பிசின் வகைகளில் உணவுத் தரமான அராபிக் பிசினைத் தண்ணீரில் ஊறவைத்து, எண்ணெயை அதில் விட்டுக் கைப் பிளெண்டரால் அடித்துப் பார்த்தேன். அன்று முழுக்க நன்றாக நின்றது. சில நாளில் கழுத்துப் பக்கம் மெல்லிய வளையம் கட்டியது. பிசினைக் கூட்டி, எண்ணெயை இன்னும் நேரம் அடித்துப் பார்க்க வேண்டும். அதுவரை பாசார் மாலாமில் ஏலக்காய்ச் சீராப்புக்கு எண்ணெய் கிடையாது. ஏலக்காயைத் தட்டி, சீராப் கொதிக்கும்போதே துணியில் முடிந்து போடுகிறோம். கிலோ சீனிக்கு 15 கிராம் ஏலக்காய், தோலோடு.